பெண்டிகோவிலிருந்து ஒருவர்

டிராமின் கதவு மூடுவதற்குள் ரோண்டா எண்ணி முடித்துவிடுவாள். விரலை நீட்டி எண்ணினால் வந்தவர்களுக்குப் பள்ளிக்கூட நினைப்பு வந்துவிடும் என்று கண்ணாலேயே எண்ணுவாள். வாய் பாட்டுக்கு, "இடது பக்கம் பாருங்க, அதுதான் பழைய ஜெயில், அந்தக் காலத்துல தூக்குல போட்ட இடம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கண் தலை தலையாகத் தாவி, பன்னிரண்டில் போய் உட்காரும். பன்னிரண்டு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம்.

சனிக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களுக்கு மெல்போர்னைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. வேலை என்று சொன்னாலும் சம்பளம் கிடையாது. சிவப்பு மேலங்கி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், கழுத்தில் தொங்க ஓர் அட்டை, அவ்வளவுதான். காலையில் விக்டோரியா சந்தை, பிறகு அருங்காட்சியகம், கடைசியில் எம்.சி.ஜி. மைதானத்தின் வாசலில் நிற்கும் ஆட்டக்காரர்களின் வெண்கலச் சிலைகள். பள்ளி நூலகர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் தொடங்கியது, பதினொரு வருடம் ஆகிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. ஆனால் சனிக்கிழமை என்றால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

அவள் சட்டைப் பைகளைக் குலுக்கினால் ஒரு பெட்டிக்கடையே கீழே விழும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, மடித்த மழைக்கோட்டு இரண்டு, உபரிக் கையுறை ஒரு ஜோடி, இஞ்சி மிட்டாய். ஒரே காலையில் வெயிலும் ஆலங்கட்டியும் வருகிற ஊர். "இந்த ஊரு வானத்தை நம்புறதுக்கு நான் என் மாமியாரை நம்பியிருக்கலாம்" என்பாள். குழுவிலுள்ள மருமகள்கள் எல்லாரும் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

அலுவலகம் கொடுக்கிற பட்டியலில் பதினொரு பெயர்தான் இருக்கும். பன்னிரண்டாவது ஆளை ரோண்டாவே அறிமுகப்படுத்துவாள். "இவர் நெவில். பெண்டிகோங்கிற ஊர்லேர்ந்து வந்திருக்கார், தனியா." சொல்லிவிட்டு அவசரமாக அடுத்தவரிடம் போய்விடுவாள். எழுபத்து நாலு வயது, நல்ல உயரம், துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான முகம். எல்லாரையும் பார்த்துத் தொப்பியைத் தொடுவார். ஒரு வாரம் மட்டும், "நான் பெண்டிகோவுக்கே போனதில்லையே!" என்று வியப்போடு சொல்லிவிட்டார். ரோண்டாதான் சிரித்துச் சமாளித்தாள். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நெவில் அவள் கணவர். பெண்டிகோ என்பது அவள் புளுகு. இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் கழன்று வருகிறது. முதலில் சாவி, பிறகு மகள் பெயர், பிறகு தன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவள் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் செருப்பில்லாமல் டிராம் தண்டவாளத்தில் போய் நின்றுவிட்டார். பகல் காப்பகம் ஒன்றில் விட்டுப் பார்த்தாள். கோட்டைக் கழற்றாமல், சாயந்திரம்வரை வாசல் கதவையே பார்த்து நின்றிருக்கிறார். அழைத்துப் போக வந்தவளிடம், "எவ்ளோ நேரம் ரயிலுக்கு நிக்கிறது?" என்று கேட்டார். அதோடு அந்த யோசனையை விட்டாள்.

வழிகாட்டியின் கண் விருந்தாளிகள்மேல்தான் இருக்கவேண்டும், சொந்தக்காரர் யாரும் கூட வரக்கூடாது என்பது அலுவலகத்தின் கண்டிப்பான விதி. தெரிந்தால் மேலங்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பேசாமல் அதை விட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்கலாம். அவளே தினமும் கேட்டுக்கொள்கிற கேள்விதான். வாரத்தில் ஆறு நாள் அவள் மருந்து எடுத்துக் கொடுப்பவள், பொத்தான் போட்டுவிடுபவள், கதவைப் பூட்டுபவள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் தலையைச் சாய்த்து, "எப்படி இருக்கார்?" என்று இழுக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும்தான், முன்பின் தெரியாத பதினொரு பேர் அவளிடம் பாலத்தையும் அருங்காட்சியகக் குதிரையையும் பற்றிக் கேட்கிறார்கள். இதையும் விட்டால் நான் செத்தேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாள்.

சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற ஸ்பீரோவின் கண்ணை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. கிரேக்கக் கிழவர், எடை போடும்போதே ஆளையும் எடை போடுகிறவர். ஒரு சனிக்கிழமை நெவில் ஆலிவ் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தராசுக்கு மேலாகக் குனிந்து, "ரோண்டா, இந்தப் பெண்டிகோக்காரர் வாராவாரம் வர்றாரே, அவங்க ஊர்ல சந்தையே கிடையாதா?" என்றார்.

"உங்க ஆலிவ்வுக்குத்தான் வர்றார், ஸ்பீரோ."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே. ஆபீஸ்ல சொல்லிடு. இல்லாட்டி என் தங்கச்சியாட்டம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுவே."

"நீங்க கட்டியை நறுக்குங்க, என் நெஞ்சை நான் பாத்துக்கிறேன்."

அருங்காட்சியகம் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. கூடம் கூடமாகச் சுவர் இருக்கிறது, ஓடிப்போக இடமில்லை. அந்தக் காலப் பந்தயக் குதிரை ஃபார் லாப்பைப் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். நெவில் அதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஆடாமல் நிற்பார். தோல் இந்த ஊரில், இதயம் கான்பெராவில், எலும்புக்கூடு நியூசிலாந்தில் என்று ரோண்டா விளக்குவாள். "பாவம், ஒருத்தனுக்கு இவ்ளோ அலைச்சலா?" என்பார் நெவில், ஒவ்வொரு வாரமும், அப்போதுதான் கேட்டவர் மாதிரி. குழு ரசித்துச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள், கண்கொத்திப் பாம்பாக அவரைப் பார்த்தபடியே.

அவரைக் கூட்டத்தில் அடையாளம் வைத்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி மஃப்ளர். தொப்பியைக் கொடுத்தால் எங்காவது வைத்துவிடுவார், மேலங்கியைக் கழற்றி யாருக்காவது போட்டுவிடுவார். காலிங்வுட் கால்பந்து அணியின் கறுப்பு வெள்ளைப் பட்டை மஃப்ளரை மட்டும் தூக்கத்திலும் கழற்றமாட்டார். நாற்பத்தைந்து வருடம் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். வெள்ளை மேல் கறுப்பு, தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். நல்ல யோசனை என்று அவள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

பிரிஸ்பேனில் பிறந்த புத்தி, வேறென்ன சொல்வது! மெல்போர்ன்காரி ஒருத்தி இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்கவே மாட்டாள். எம்.சி.ஜி.யில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம் என்று கையேட்டைப் பார்த்துச் சொல்வாளே தவிர, ரோண்டா ஓர் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. என்றைக்கு யார் ஆடுகிறார்கள் என்பது வீட்டில் நெவிலின் இலாகா. வருடத் துவக்கத்தில் அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவார். கடைசிச் சுற்றுகளின் நாளும் நேரமும் பிற்பாடுதான் முடிவாகும். அறிவிப்பு வந்த அன்றே சிவப்பு மையால் அடித்துத் திருத்துவார். இந்த வருடமும் அட்டவணையை ஒட்டினார். ஆனால் ஆகஸ்டு வந்தும் அதில் ஒரு சிவப்புக் கோடு இல்லை. ரோண்டா அதைப் பார்த்து, காலிங்வுட் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் என்று நம்பிக் கிளம்பினாள்.

அன்றைய குழுவில் டாஸ்மேனியாவில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிற ஷெரில் என்ற அம்மாள் இருந்தாள், கட்டை குட்டையாக, வாய் ஓயாமல். எதைக் காட்டினாலும், "எங்க ஊர்ல இதைவிடச் சின்னதா ஒண்ணு இருக்கு, ஆனா கூட்டம் இல்ல" என்பாள். ரோண்டாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சந்தையிலேயே இரண்டு கறுப்பு வெள்ளை மஃப்ளர் கண்ணில் பட்டன. சனிக்கிழமை, யாராவது போட்டுக்கொள்ளத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டாள். அருங்காட்சியக வாசலில் ஒரு குடும்பமே போட்டிருந்தது, கைக்குழந்தை உட்பட. மைதானத்துக்குப் போகும் டிராமில் ஏறியபோது பெட்டி முழுவதும் கறுப்பு வெள்ளை. நடுவில் நெவில், ரொம்ப நாளைக்குப் பிறகு சொந்தக்காரர்களைப் பார்த்தவர் போல முகம் மலர்ந்து நின்றார்.

"இன்னிக்கா ஆட்டம்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க, கைடு கோட்டு போட்டுக்கிட்டு? ஞாயித்துக்கிழமைலேர்ந்து மாத்தி மூணு வாரம் ஆச்சே! எண்பதாயிரம் பேர் வர்றாங்க."

ரோண்டா டிராம் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இங்கேயே இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் பதினொரு பேரும் காலையிலிருந்து காத்திருந்தது அந்த மைதானத்தைப் பார்க்கத்தான். என்ன காரணம் சொல்லித் திருப்புவது? சிலைகளைக் காட்டிவிட்டு இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறங்கினதும் எண்ணினாள், பன்னிரண்டு. சாலையைக் கடந்ததும் எண்ணினாள், பன்னிரண்டு. மரங்களுக்கு நடுவே எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து கொட்டியது. கறி அடைத்த அப்பம் சுடும் வாசனை, ஆட்டப் புத்தகம் விற்பவனின் கூச்சல், எதிரணிக்காரனைப் பார்த்து, "வீட்டுக்குப் போயிடு கண்ணு, அழுவே!" என்று கேலி. முதல் சிலைக்கு வந்து நிற்பதற்குள் மூன்று தடவை எண்ணிவிட்டாள்.

குழுவிலிருந்த ஒருவர், சிலையின் பாதம் ஏன் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டார். எல்லாரும் தொட்டுக் கும்பிடாத குறைதான் என்று பதில் சொல்லத் திரும்பினாள். அரை நிமிஷம் இருக்குமா? மறுபடி எண்ணினாள். பதினொன்று. திரும்பவும் எண்ணினாள். பதினொன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கும் திசையெல்லாம் கறுப்பு வெள்ளை மஃப்ளர். உயரமான கிழவர்கள் மட்டுமே நூறு பேர் தெரிந்தார்கள், ஒவ்வொருவர் கழுத்திலும் நெவில். எதைக் கட்டி அனுப்பினால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாளோ, அதுவே அவரை விழுங்கிவிட்டது. "நெவில்!" என்று கத்திக்கொண்டு ஓடி ஒரு முதுகைப் பிடித்தாள். திரும்பிய முகம் வேறு யாரோ.

"நெவில் இல்லம்மா, பேரி. ஆனா கையை எடுக்காதீங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார் அந்தக் கிழவர். பக்கத்தில் அவர் மனைவி, "வயசாகியும் மவுசு குறையல பாரு" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ரோண்டா மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ரயில் பாதை, இந்தப் பக்கம் டிராம் சாலை, அதற்கப்பால் ஆறு. ஆறு என்று நினைத்ததும் குழுவைப் பார்த்துத் திரும்பி ஓடினாள்.

குழுவிடம் திரும்பி வந்தபோது அவள் குரல் அவளுடையதாக இல்லை. "அந்தப் பெண்டிகோக்காரரைக் காணோம். அவர் பெண்டிகோக்காரர் இல்ல. என் வீட்டுக்காரர். கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. அவருக்கு ஞாபகம் போயிடுச்சு, வீட்ல விட முடியல. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். தயவுசெஞ்சு தேடுங்க."

ஷெரில்தான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "அது சந்தையிலேயே தெரியும்மா" என்றாள். "டோனட் ஜாம் அவர் மோவாயில வழிஞ்சப்ப உங்க கைக்குட்டையை எச்சில் பண்ணித் தொடைச்சு விட்டீங்களே. முன்னப்பின்ன தெரியாத பெண்டிகோக்காரன் மோவாயை யாரு அப்படித் தொடைப்பா? சரி, ஆளுக்கொரு பக்கம் போங்க. என்ன நிக்கிறீங்க?"

அவர்கள் பிரிந்து ஓடினார்கள். ரோண்டா கைபேசியை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். எடுத்தது மேகன், வழிகாட்டிகளுக்கெல்லாம் பொறுப்பாளர், அவள் மகள் வயது.

"மேகன், என் வீட்டுக்காரர் தொலைஞ்சிட்டார். எம்.சி.ஜி. வாசல்ல. என்னோட டூர்ல வந்தவர்."

"உங்க டூர்லயா? ரோண்டா, பதட்டப்படாதீங்க. போலீஸுக்கு நான் சொல்றேன், மைதானத்துக்காரங்களுக்கும் சொல்றேன். என்ன போட்டிருக்கார்?"

"காலிங்வுட் மஃப்ளர்."

"அடக் கடவுளே" என்றாள் மேகன் மெதுவாக. பிறகு, "எத்தனை வாரமா கூட்டிட்டு வர்றீங்க?"

"மார்ச்சிலேர்ந்து. ஒரு வாரம் விடல."

"சரி. அதை அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ன என்பது ரோண்டாவுக்குத் தெரியும். தெரிந்தும் அது அவளை ஒன்றும் செய்யவில்லை. போனால் போகட்டும், மேலங்கி என்ன, ஊரே போகட்டும், அந்த மனிதர் மட்டும் கிடைத்தால் போதும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஓடினாள். பிரார்த்தனை பழக்கமில்லாதவள், இருந்தும் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளை மைதானத்தின் பக்கமே தள்ளிக்கொண்டு போயிற்று. அவரும் இப்படித்தான் அடித்துப் போயிருப்பார், வாசலுக்குள் போய்விட்டால் எண்பதாயிரத்தில் எங்கே தேடுவது?

ஷெரில் ஒரு மரத்தடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றிருந்தாள். "ரோண்டா! இங்க வாங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். "முகத்தைத் தேடாதீங்க, நடையைப் பாருங்க. மந்தை பூரா ஒரே பக்கம் போகுது பாத்தீங்களா? எதிர்ப்பக்கமா ஒரே ஒரு தலை போகுது. அதோ, அந்தப் பெரிய மரத்துக்கிட்ட. பண்ணையில நாங்க முதல்ல பாக்குறது அந்த ஆட்டைத்தான்."

ரோண்டா பார்த்தாள். கறுப்பும் வெள்ளையுமாக வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நெவில், ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, தொப்பியைத் தொட்டுத் தொட்டு, டிராம் சாலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஒருவன் அவரை இடித்துவிட்டு, "பெரியவரே, மைதானம் அந்தப் பக்கம்! ஆட்டத்துக்கு முந்தியே தோத்துட்டீங்களா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆட்டம் முடிஞ்சிடுச்சுப்பா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

முழங்கால் வலி, வயது, மானம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோண்டா ஓடினாள். எதிரே போய் நின்றபோது பேச மூச்சில்லை. நெவில் அவளுடைய சிவப்பு மேலங்கியைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தும் அவர் கண்ணில் ஒன்றும் அசையவில்லை. தொப்பியைத் தொட்டு, "மேடம், டிராம் இந்தப் பக்கம்தானே வரும்?" என்று கேட்டார்.

"எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குத்தான். ஆட்டம் முடிஞ்சிடுச்சு, நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க. மத்தவங்க தண்ணி போடப் போவாங்க, எனக்கு அதெல்லாம் முடியாது. லேட்டானா என் பெண்டாட்டி ஜன்னல்கிட்டயே நிப்பா. ரொம்ப பயந்தவ. வெளியில காட்டிக்க மாட்டா. ஆனா நான் போய்க் கதவைத் தட்டுற வரைக்கும் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டா."

பின்னால் ஷெரிலும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, சற்றுத் தள்ளி நின்றுவிட்டார்கள். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, மேகனாகத்தான் இருக்கும். நான்தான் அவள், என்னைப் பார், என்று சொல்ல ரோண்டா வாயைத் திறந்தாள். அதைச் சொன்னால் அவர் முகத்தில் வரப்போகிற குழப்பத்தை நினைத்து மூடிக்கொண்டாள்.

"நானும் அந்தப் பக்கம்தான் போகணும்" என்றாள். "கூட வரட்டுமா?"

நெவில் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தனியாக நிற்கிற ஒரு பெண்மணியைக் கூட்டத்தில் விட்டுவிட்டுப் போகிற ஆள் அல்லர் அவர். முழங்கையை மடித்து அவள் பக்கம் நீட்டினார்.

"வாங்க. தள்ளுமுள்ளா இருக்கு, பிடிச்சுக்குங்க."

ரோண்டா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.